ஓர் இரவுக்குப் பதினேழு கிலோ

பனிமலையில் ஓர் இரவு தங்கிவர என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று என்னிடம் ஆலோசனை கேட்டவர்கள் இதுவரை இரண்டு பேர். ஒருவர் எங்கள் அலுவலகக் காசாளர். மற்றவர் எரிவாயு சிலிண்டர் பதிவுசெய்ய அழைத்து, எண் தவறி என்னிடம் மாட்டிக்கொண்டவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப சிலிண்டர் எப்ப சார் வரும்?" என்றார். இவ்வளவு தேவை இருக்கும் விஷயத்தை வாய்மொழியாகவே வைத்திருப்பது சரியில்லை என்று எழுதத் துணிந்தேன்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். திருச்சிக்காரன். மார்கழி விடியலில் வெப்பம் 20 பாகைக்கு இறங்கினாலே காதைச் சுற்றித் துண்டு கட்டுகிற பரம்பரை. அப்படிப்பட்டவன் ஒரு தை மாதத்தில் மருமகனோடு கேதார்கண்டா போய், பத்து விரலோடு திரும்பியிருக்கிறேன். உத்தராகண்டின் உத்தர்காசி மாவட்டத்தில் இருக்கிற மலை அது. உயரம் சுமார் 12,500 அடி. டேராடூனிலிருந்து மசூரி, புரோலா, மோரி என்று ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போனால் சாங்க்ரி வரும். அங்கே வண்டி நிற்கும், வயிறு இன்னும் வளைந்துகொண்டிருக்கும். இமயத்தில் பல பாதைகள் பனி விழுந்ததும் சாத்தப்படும்போது இந்த மலை அப்போதுதான் கடை திறக்கிறது. பனியில் கூடாரமடித்து ஓர் இரவு, விடியுமுன் உச்சி, மாலைக்குள் கீழே. 'எளிய ஏற்றம்' என்பார்கள். சொல்கிறவர்களுக்கு 24 வயது இருக்கும்.

இனி மூட்டை. முதல் வேலையாக, போகப்போவதை வீட்டில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கட்டினால் மூட்டை ஏழு கிலோவில் முடிந்துவிடும். அதில் சுவாரசியம் இல்லை. சொன்னால் வீட்டிலிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பயம் வரும். ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு டப்பா உண்டு. அம்மாவின் பயம் மார்புச்சளி. அதற்குச் சுக்குப்பொடி, இஞ்சிமரப்பா, இரண்டு வகைத் தைலம், மஃப்ளர், குரங்குக் குல்லா. மனைவியின் பயம் பட்டினி. அதற்குப் புளியோதரை, இட்லிப் பொடி, தட்டை, தூக்கில் நல்லெண்ணெய். மாமனாரின் பயம் திருட்டு. அவர் பூட்டும் சங்கிலியும் கொடுத்தார். ரயிலுக்குத்தான் என்று நினைத்தேன். "கூடாரத்துல எதோட சேத்துக் கட்டுவீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டபோதுதான் அவருடைய தொலைநோக்கு புரிந்தது.

எதிர்வீட்டில் ஒரு ஓய்வுபெற்ற சுபேதார் இருக்கிறார். லடாக்கில் பனியோடு பல வருஷம் குடித்தனம் நடத்தியவர். அவரிடமும் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "ராத்திரிக்குன்னு ஒரு ஜோடி காய்ஞ்ச சாக்ஸ் வச்சுக்கோங்க. பகல்ல அதைத் தொடாதீங்க." மேலே சொல்வார் என்று காத்திருந்தேன். பக்கத்தைத் திருப்பினார். இவ்வளவு தூரம் போகிறவனுக்கு ஒரு ஜோடி சாக்ஸ்தானா என்று வீட்டில் எல்லோருக்கும் வருத்தம். மனிதர் வயதாகித் தளர்ந்துவிட்டார் என்று முடிவுகட்டினோம்.

எடைக்கு ஒரு கணக்கு உண்டு. முதுகில் சுமப்பது உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் போகக் கூடாது என்பார்கள். நான் 68 கிலோ. அதிகபட்சம் பதின்மூன்றரை. வீட்டுத் தராசில் பை 17 காட்டியது. இந்தச் சிக்கலைத் தீர்க்க இரண்டு வழிகள்: பையைக் குறைக்கலாம், உடம்பைக் கூட்டலாம். மனைவி இரண்டாவதைப் பரிந்துரைத்தாள்.

மருமகன் எதிர்க்கட்சி. பெங்களூரில் மென்பொருள் வேலை. கிராம் கிராமாக எடை குறைப்பதை ஒரு சமயமாகவே கைக்கொண்டவன். பல் துலக்கும் பிரஷின் காம்பைப் பாதியில் அறுத்திருந்தான். சட்டைக் காலரில் தைத்திருந்த கம்பெனிப் பெயரைக்கூடக் கத்தரித்துவிட்டான். "மாமா, ஒவ்வொரு கிராமும் மேல போகப்போக ஒரு கிலோ" என்றான். அந்தத் துறவியின் பையிலிருந்து பிறகு மூன்று பவர் பேங்க், ஒரு முக்காலி, காற்றடைக்கும் தலையணை ஆகியவை வெளிவந்தன. ஆக, குறைத்துக் கட்டுகிறவனுக்கும் பயம் இருக்கிறது. எங்கள் அம்மாவுக்குச் சளிப் பயம் என்றால் அவனுக்குச் சார்ஜ் பயம்.

இந்த இடத்தில் மொழிப் பிரச்சினை ஒன்றையும் பார்த்துவிட வேண்டும். ஆறு பருவங்களில் இரண்டைத் தமிழன் பனிக்கே எழுதிக்கொடுத்திருக்கிறான். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. ஆனால் அது புல்நுனியில் நின்று, வெயில் வந்ததும் மரியாதையாக விடைபெறும் பனி. முழங்கால் வரை காலை விழுங்கும் வெள்ளைப் பொருளுக்கும் நாம் வைத்திருப்பது அதே இரண்டெழுத்துதான். அதனால்தான் அம்மாவிடம் "பனியில படுக்கப் போறேன்" என்றபோது, "தலையில ஒரு துண்டைப் போட்டுக்கோடா, பனி இறங்கிடப் போவுது" என்றாள்.

துணிமணிக்கு வருவோம். நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் எடுத்துப்போகவேண்டியது திருப்பூர் பனியன், அரை டஜன். தூய பருத்தி, வியர்வையை உறிஞ்சும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். உறிஞ்சும், உறிஞ்சியதை விடவே விடாது. ஏற்றத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் மைனஸ் குளிரிலும் முதுகு நனையும். நின்றதும் அந்த ஈரம் தன் வேலையைத் தொடங்கும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்பின் வெப்பத்தைக் கடத்திக்கொண்டு போகும். முதல் திருப்பத்தில் "என்னா வெயில்!" என்று ஜாக்கெட்டைத் திறந்தவன், மூன்றாவது திருப்பத்தில் உட்கார்ந்த இடத்தில் தந்தியடித்துக்கொண்டிருந்தேன். திருப்பூரில் பாலியெஸ்டர் உள்ளாடையும் செய்கிறார்கள், ஐயா. அதை வாங்கியிருக்கலாம். நான் ஏற்றுமதித் தரம் என்று பருத்தியை வாங்கினேன்.

வழிகாட்டி உள்ளூர் இளைஞர். என்னைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "தீரே." மெதுவாக. அன்று முழுக்க எனக்குக் கிடைத்த அறிவுரையிலேயே எடை குறைந்தது அதுதான். வியர்க்காத வேகத்தில் நட, வியர்க்குமுன் ஒரு சட்டையைக் கழற்று, நின்றதும் போட்டுக்கொள். பனியில் நடப்பவனின் கலை அவ்வளவுதான். நான் இதற்கு நேர்மாறாகச் செய்தேன். வியர்த்த பிறகு கழற்றி, விறைத்த பிறகு போட்டேன்.

மேலே போடுவதைப் பற்றிச் சொல்லும்போது பேகனைச் சொல்லாமல் தீராது. கடையெழு வள்ளல்களில் ஒருவன், பழனி மலைப் பக்கத்துக்காரன். மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையைக் கழற்றிப் போர்த்திவிட்டு வந்தான். ஈரத்தில் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் மலையேற்ற நோக்கில் இது பெரும்பிழை. மயில் போட்டிருந்தது உலகிலேயே சிறந்த குளிராடை. இறகுகளுக்கிடையே காற்று சிறைப்படும், அந்த அசையாத காற்றுதான் உண்மையான போர்வை. இன்று கடைகளில் வாத்தின் மென்னிறகை அடைத்து விற்கும் ஜாக்கெட் செய்வதும் அதே வேலை. கம்பளி கனமாக இருப்பதால் சூடு தருவதில்லை, காற்றைப் பிடித்து வைப்பதால் தருகிறது. இறகு அதை இன்னும் குறைந்த எடையில் செய்துவிடும். ஆகவே மெல்லிய உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் இறகு ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத ஓர் உறை என்று போட்டுக்கொண்டால் போதும். பேகனைப் போன்ற கொடையாளி யாரும் உங்கள் குழுவில் இருந்தால் அவர் பக்கத்துக் கூடாரத்தில் இருக்கட்டும். ஜாக்கெட்டை மயிலுக்குக் கொடுத்துவிட்டு உங்கள் ஜாக்கெட்டுக்கு வருவார்.

வெப்பமானி வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். தேங்காய் எண்ணெய்ப் புட்டி போதும். ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கும். திருச்சி ரயில் நிலையத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது. டில்லியில் கலங்கியது. டேராடூனில் நெய். சாங்க்ரியில் மெழுகு. அதற்குமேல் அதனால் எதுவும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் மூடியைத் திறக்கவே முடியவில்லை. பொதுக்கணக்கு ஒன்று இருக்கிறது: 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரை பாகை குறையும். சாங்க்ரியிலிருந்து உச்சி 1,800 மீட்டருக்குமேல் உயரம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். நான் ரயிலிலேயே போட்டேன், பிறகு போட்டிருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

சாங்க்ரியில் இறங்கியதும் இன்னொன்று தெரியவந்தது. தெருவில் வரிசையாக வாடகைக் கடைகள். பனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டும் முள்சங்கிலி, பூட்ஸுக்குள் பனி புகாமல் முழங்கால்வரை கட்டும் உறை, கைத்தடி, இறகு ஜாக்கெட் என்று எல்லாமே கிடைக்கின்றன. வெறுங்கையோடு வந்து இறங்கியவர்கள் அரை மணி நேரத்தில் மலையேற்ற வீரர்களாகிக் கொண்டிருந்தார்கள். 17 கிலோவை ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தூக்கி வந்தவன் அந்தக் காட்சியைப் பார்க்கக் கூடாது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டு மாமனாரின் பூட்டைத் தடவினேன்.

பையை முகாம்வரை கோவேறு கழுதை சுமந்தது. வாடகை கொடுத்தால் போதும், எந்தக் கேள்வியும் கேட்காது. ஏற்றும்போது மட்டும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

பாதை பைன் காட்டுக்குள் போகிறது. வழியில் ஜூடா கா தலாப் என்று ஓர் ஏரி, தையில் உறைந்து கிடக்கும். அழகைப் பற்றி எழுத எனக்கு இங்கே இடமில்லை. அதையெல்லாம் மருமகன் முக்காலியில் பார்த்துக்கொண்டான். நான் பார்த்தது அங்கிருந்த தேநீர்க் கடைகளை. ஆம், ஒன்பதாயிரம் அடிக்குமேல், பனிக்கு நடுவில், தேநீர், ஆம்லெட், மேகி! மனைவி கட்டிக்கொடுத்த பட்டினி நிவாரணப் பொருள்களின் நிலையை இப்போது சொல்லிவிடுகிறேன். புளியோதரை மூன்று நாள் கெடாது என்றாள். கெடவில்லை. ஆனால் சோறு குளிரில் விறைக்கும் பண்டம். பல்லுக்கடியில் அது மறுபடி அரிசியாகியிருந்தது. தட்டை எந்த உயரத்திலும் தட்டைதான். கோவில்பட்டிக் கடலைமிட்டாயை முழு மனதோடு பரிந்துரைக்கிறேன்: வெல்லம் உடனே எரியும் விறகு, கடலை மெதுவாக எரியும் கட்டை. கடிக்குமுன் கன்னத்தில் ஒதுக்கி ஐந்து நிமிஷம் ஊறவைக்க வேண்டும், இல்லையென்றால் பல் போகும். இட்லிப் பொடியை மேகியில் தூவி, நல்லெண்ணெய் விட்டுக் கிளறியபோது கடைக்காரர் கையை நீட்டினார். ஒரு சிட்டிகை கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். பிறகு எனக்கு இரண்டாவது தேநீருக்குக் காசு வாங்கவில்லை.

நெருப்புக்குச் சிகரெட் லைட்டரை நம்பாதீர்கள். அதற்குள் இருப்பது பியூட்டேன். மைனஸ் அரைப் பாகைக்குக் கீழே போனால் அது ஆவியாக மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். கக்கத்தில் வைத்துக் கொஞ்சினால்தான் எழுந்திருக்கும். வழிகாட்டி சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஒரே உரசலில் பற்றவைத்தார். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். சிவகாசி. எனக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கிறது, அதுவும் பத்து கிராமில்.

விளக்கு என்றால் வீட்டில் மூணு கட்டை டார்ச். கையுறை போட்ட கையால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தடியை ஊன்றினால் மூக்கைத் துடைக்க மூன்றாவது கை வேண்டும். நெற்றியில் கட்டும் விளக்கை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டையோ லித்தியமோ, குளிரில் எல்லா பேட்டரியும் சுணங்கும். மருமகனின் கைப்பேசி 40 சதவீதம் காட்டிக்கொண்டே கண்ணை மூடியது. மூன்று பவர் பேங்க்கையும் பையின் வெளி ஜேபியில் வைத்திருந்தான். அவையும் மூடின. இரவில் இவற்றை எல்லாம் உடம்போடு ஒட்டிப் படுக்கப்போட வேண்டுமாம். தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக நிறுத்த வேண்டும். பனிக்கட்டி மிதக்கும் பொருள் என்பதால் உறைவது மேலேயிருந்துதான் தொடங்கும், காலையில் திருப்பினால் வாய் திறந்திருக்கும். நனைந்த பூட்ஸும் உள்ளே வந்து படுக்க வேண்டும், இல்லாவிட்டால் விடியலில் அது பூட்ஸ் அல்ல, சிலை. ஆக ஸ்லீப்பிங் பேக் என்பது ஒருவர் படுப்பதற்கு என்று நினைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். அது கூட்டுக்குடும்பம்.

இரவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரவு விரிவாக இருந்தது. கூடாரத்துக்குள் நாங்கள் புகுந்தது ஏழரை மணிக்கு. வெளியே மைனஸ் எட்டு என்றார் வழிகாட்டி. ஸ்லீப்பிங் பேக் சூடு உண்டாக்காது. நீங்கள் உண்டாக்கினால் வைத்திருக்கும், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியாது. போர்வையைப் போல அது தானாக எதாவது செய்யும் என்று எட்டு மணிவரை காத்திருந்தேன். அதைவிட, குளிர் வருவது மேலேயிருந்து அல்ல, கீழேயிருந்து. உடம்பின் எடையில் நசுங்கிய பையின் அடிப்பக்கத்தில் காற்று தங்காது. பனித்தரை நம் முதுகிலிருந்து சூட்டைக் கடன் வாங்கிக்கொண்டே இருக்கும், திருப்பித் தராது. கீழே விரிக்கத் தந்த பாய் மெல்லியது.

இந்த இடத்தில்தான் என் 17 கிலோ மூட்டை முதன்முதலாக உதவியது. உள்ளே இருந்த பொருள் ஒன்றும் உதவவில்லை, சுற்றியிருந்தவைதான் உதவின. எங்கள் அம்மா எதையும் சும்மா தர மாட்டாள். தைலப் புட்டியைத் தமிழ்ப் பேப்பரில் சுருட்டி, அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் கட்டி, அதை ஜவுளிக்கடை மஞ்சப்பையில் வைத்துத் தருவாள். சுக்குக்கு ஒரு பேப்பர், தட்டைக்கு இரண்டு, பூட்டுக்குக்கூட ஒன்று. எல்லாவற்றையும் பிரித்துப் பாய்க்கடியில் நான்கு மடிப்பாக விரித்தேன். ஞாயிற்றுக்கிழமை மணமகன் தேவைப் பக்கமும் தங்க விலையும் ஒரு நகராட்சித் தீர்மானமும் என் முதுகுக்கும் இமயத்துக்கும் நடுவே நின்றன. மிச்சத்தைக் கசக்கி ஈர பூட்ஸுக்குள் திணித்தேன், காலைக்குள் பாதி ஈரத்தைக் குடித்திருந்தது. பூட்ஸைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டியதால் படுக்கை நனையவில்லை. நல்லெண்ணெய் வந்த எவர்சில்வர் தூக்கைக் கழுவி வெந்நீர் ஊற்றி இறுக மூடி, மஞ்சப்பையில் சுற்றி வயிற்றோடு வைத்துக்கொண்டேன். கொஞ்சம் இட்லிப் பொடி வாசனை வந்தது. புகார் இல்லை.

கால் மட்டும் சூடாகவில்லை. பகலில் போட்ட சாக்ஸோடுதான் படுத்திருந்தேன். எதிர்வீட்டு சுபேதாரின் முகம் பேப்பருக்கு மேலே எழுந்து வந்தது. பையைத் துழாவினேன். இரண்டு வகைத் தைலம் இருந்தது, சங்கிலி இருந்தது. நான்கு ஜோடி சாக்ஸும் ஈரம், எல்லாவற்றையும் பகலிலேயே தொட்டுவிட்டிருந்தேன். கடைசியில் இரண்டாவது குரங்குக் குல்லாவை இரண்டு காலுக்கும் சேர்த்து மாட்டிக்கொண்டு தூங்கினேன். கம்பளிக்கு எது தலை, எது கால் என்று தெரியாது.

இரவு இரண்டு மணிக்கு நீங்கள் எழுந்திருப்பீர்கள். நிச்சயம். குளிரில் உடம்பு தோல்பக்கத்து இரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். இரத்தமெல்லாம் நடுவுக்கு வர, நீர் அதிகமாகிவிட்டது என்று சிறுநீரகம் நினைத்து வெளியேற்றத் தொடங்கும். இதற்கு மூட்டையில் பொருள் எதுவும் கிடையாது. வேண்டியது மன உறுதி. ஸ்லீப்பிங் பேக் ஜிப், உள்கூடார ஜிப், வெளிக்கூடார ஜிப், பிறகு உங்களுடையது என்று மொத்தம் நான்கு ஜிப்புகள், அவசரத்தில் எல்லாம் துணியைக் கடிக்கும். நான் அரை மணி நேரம் விவாதித்துவிட்டுத் தோற்றுப்போய் வெளியே வந்தேன். வானத்தில் அவ்வளவு நட்சத்திரத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டு நிற்க முடியாத இடத்தில்தான் அவற்றை வைத்திருக்கிறார்கள்.

மூன்று மணிக்கு உச்சிக்குக் கிளம்பினோம். பை முகாமிலேயே கிடந்தது. 17 கிலோவில் என்னோடு வந்தவை: தண்ணீர், கடலைமிட்டாய், விளக்கு, கறுப்புக் கண்ணாடி. கண்ணாடி அலங்காரத்துக்கு அல்ல. புதுப்பனி தன்மேல் படும் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அப்படியே திருப்பி அனுப்பும். வெயில் மேலேயிருந்தும் வரும், கீழேயிருந்தும் வரும், மூக்குத் துவாரத்துக்குள்கூடக் கறுக்கும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. பத்தடிக்கு ஒருமுறை நான் நின்றேன். மருமகன் இருபதடிக்கு ஒருமுறை நின்றான், படமெடுப்பதாகச் சொல்லிக்கொண்டு. கைப்பேசி நேற்றிரவே செத்துவிட்டது என்பதை நான் நினைவூட்டவில்லை.

உச்சியில் கற்குவியல், திரிசூலம், கயிற்றில் பறக்கும் துணிகள். கிழக்கே வெளுத்ததும் வழிகாட்டி தடியை நீட்டி ஒரு சிகரத்தைக் காட்டினார்: சுவர்க்காரோகிணி. பாண்டவர்கள் உடம்போடு சொர்க்கத்துக்கு ஏறிய மலை என்பது நம்பிக்கை. குறைந்த சுமையோடு இமயம் ஏறுவதில் அவர்களுக்கு இணை கிடையாது. மரவுரி, அவ்வளவுதான். அப்படியிருந்தும் அர்ஜுனன் காண்டீவத்தையும் அம்பறாத்தூணிகளையும் விட மனமில்லாமல் தூக்கிக்கொண்டு வந்தான். அக்கினி வழிமறித்து, அதைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போ என்றான். கூடுதல் சுமைக்கு ஆட்சேபம் எழுப்பிய முதல் அதிகாரி அவனாகத்தான் இருக்க வேண்டும். மகாபாரதம் சொல்கிறபடி கிளம்பிய ஆறு பேரில் ஐந்து பேர் வழியிலேயே விழுந்தார்கள். எட்டியவர் தருமர் ஒருவர், கூடவே ஒரு நாய். இதைச் சொல்லி மருமகனிடம், "பிரஷ் காம்பை அறுத்தால் மட்டும் போதாது" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை, பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. சாங்க்ரியிலிருந்தே எங்கள் பின்னால் வந்த சடைநாய் ஒன்று கற்குவியலுக்குப் பக்கத்தில் சுருண்டு, வாலை மூக்கின்மேல் போட்டுக்கொண்டு தூங்கியது. அதன் மூட்டையில் வால் மட்டும்தான்.

இறங்குவது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முழங்காலைக் கேட்டால் அது சொல்லும்.

வீட்டுக்கு வந்ததும் பையை அம்மாதான் பிரித்தாள். தைலம் இரண்டும் திறக்கப்படவில்லை, மாமனாரின் பூட்டு புதிதாகவே இருந்தது, பனியன் ஆறும் கிழடுதட்டியிருந்தன. அதையெல்லாம் அவள் கண்டுகொள்ளவில்லை. மலையில் குப்பை போடாதீர்கள், கொண்டுபோனதை எல்லாம் கொண்டுவாருங்கள் என்று சாங்க்ரியில் பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பலகை தேவையில்லை. அம்மா கவர்களை ஒவ்வொன்றாக உதறி, நீவி, மடித்து எண்ணினாள். ரப்பர் பேண்டுகளைக் கதவுக் கைப்பிடியில் மாட்டினாள். மெத்தைக்கடியில் எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பதினொண்ணு கொடுத்தேன். பத்துதான் இருக்கு."

பதினொன்றாவது கவர் மருமகனின் இடது பூட்ஸுக்குள் இருக்கிறது. பெங்களூருக்கு இரண்டு முறை போன் செய்து கேட்டுவிட்டாள்.